இரண்டு பேட்டரி, ஒரு விமானம்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்
அப்பாவுக்கு ராத்திரி கண்ணில் சொட்டு மருந்து போட்டுவிட்டு, என் ரிமோட் மாடல் விமானத்தின் ரிசீவருக்கு (தரையிலிருந்து அனுப்பும் ரேடியோ கட்டளையை வாங்கும் பெட்டி) மின்சாரம் தரும் பழைய பேட்டரி பேக்கைச் சோதித்தேன். 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மேலே 2000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) என்று இருக்கிறது, 1 ஆம்பியரில் சார்ஜை இறக்கினால் 1240-இலேயே படுத்துவிட்டது. சும்மா மீட்டர் வைத்தால் 6.9 வோல்ட், 4 ஆம்பியர் இழுத்தால் 4.8. விமானத்தின் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்கள், அதாவது சர்வோக்கள், எட்டும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ரிசீவர் ஒரு நொடி அணைந்தால் போதும், 11 கிலோ விமானம் நம் கையில் இல்லை.

ஜூன் 4
நாள் முழுக்க வாக்கு எண்ணிக்கை. அப்பா டிவியைக் காதால் பார்த்தார்.

ஜூன் 6, வியாழன்
ரிச்சி தெரு, உச்சி வெயில். "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்று கடைக்காரர் 2 செல் லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) நீட்டினார். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட், என் சர்வோக்களோ 6 வோல்ட்டுக்கானவை. நடுவில் வோல்ட்டைக் குறைக்க ரெகுலேட்டர் வைக்கலாம்தான், ஆனால் அதுவும் வானத்தில் கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருள், எனக்கு மனசு ஒப்பவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று இன்னொரு வகை, அதில் இரண்டு செல் சேர்ந்தால் 6.6 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு 5 செல் நிக்கல் பேக்கே 7 வோல்ட் காட்டும், அதைத் தாங்கின சர்வோ இதையும் தாங்கும். 2500 எம்ஏஎச், 26650 செல், அதாவது 26 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். உள்ளங்கையில் வைத்தால் நல்ல கனம். இரண்டு பேக் வாங்கினேன்.

ஜூன் 7
அந்த சுவிட்ச்.

ஜூன் 9, ஞாயிறு
தூக்கம் வரவில்லை. போன விமானம் விழுந்தபோது வயலில் சேற்றோடு அள்ளி வந்த பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, மீட்டரில் குறையே இல்லை. சுவிட்சைப் பிரித்தால் உள்ளே தகடு பச்சை பூத்திருந்தது, நம் ஊர் உப்புக் காற்று அப்படி. நான் அதுவரை பேட்டரியை மட்டுமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேட்டரி வாங்கி இரண்டையும் ஒரே சுவிட்ச் வழியாக விட்டால் அது ஒரு பேட்டரிதான். அதனால் பேக் இரண்டு, சுவிட்ச் இரண்டு, ஒயர் இரண்டு, ரிசீவரில் போய்ச் சேரும் துளையும் தனித்தனி. சர்வோ கனெக்டரின் அந்தச் சின்ன முள்ளில் ஏதோ 3 ஆம்பியர்தான் தொடர்ந்து போக முடியும், இரண்டு வழி இருந்தால் அதுவும் பாதியாகப் பிரியும். காலையில் அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டார்: "ஒண்ணு செத்தா இன்னொண்ணு தனியா விமானத்தைத் தரையிறக்கிடுமாடா?" இறக்கிடும்பா.

இந்த இறக்கைக்கு பால்சா என்ற லேசான மரத்தை ஒட்டியது அவர். கண் மங்கத் தொடங்கிய பிறகு ஒட்டியது. விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து.

ஜூன் 12
புது பேக் இரண்டையும் சார்ஜ் இறக்கிப் பார்த்தேன்: 2430, 2390 எம்ஏஎச். 4 ஆம்பியரிலும் 6.3 வோல்ட்டை விட்டு அசையவில்லை. 2300 தாண்டியதும் சில நிமிடத்தில் சரசரவென்று விழுந்தது. இதில்தான் ஆபத்து: கடைசி வரை வோல்ட் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. மீட்டரை நம்பிப் பயனில்லை, ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் எத்தனை எம்ஏஎச் திரும்ப ஏறுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். பாதி தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஜூன் 13
இரண்டும் சேர்ந்து 320 கிராம். ஸ்பாஞ்சில் சுற்றி எஞ்சின் சுவருக்குப் பின்னால் வெல்க்ரோ போட்டுக் கட்டினேன். மூக்கு கொஞ்சம் தாழ்கிறது. அரை அங்குலம் பின்னால். இப்போது சரி.

ஜூன் 14, வெள்ளி
அப்பாவின் கண் கட்டு அவிழ்த்தாயிற்று. டாக்டர் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார், தூசி படக் கூடாது என்றார். விமானம் பறக்கவிடும் ஏரிக்கரை முழுக்கத் தூசி. என்ன செய்வது?

ராத்திரி சுவிட்ச் இரண்டையும் ஐம்பது ஐம்பது தடவை போட்டு அணைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு, காலை 4.50
இரண்டு பேக்கும் முழு சார்ஜ். முதல் சுவிட்சை மட்டும் போட்டேன், எட்டு சர்வோவும் அசைந்தன. அதை அணைத்து இரண்டாவதைப் போட்டேன், அசைந்தன. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.