அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் நாலு வருடம் கணக்கு எழுதினேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு நண்டுதான் கொஞ்சம் வரும், அதனால் வருடா வருடம் எங்களை வீட்டில் இருக்கச் சொல்வார்கள், ஜூன் 15-க்கு அப்புறம் கூப்பிடுவார்கள். போன வருடம் கூப்பிடவில்லை. நானே போனேன். மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். "தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு பாக்கிச் சம்பளத்தை வாங்கிட்டுப் போம்மா."

வாசித்துப் பார்த்தால், சொந்தக் காரணத்தால் நானே வேலையை விட்டு விலகுகிறேனாம்! சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தை ஏன் கட்டவில்லை என்று மார்ச்சில் கேட்டிருந்தேன், அதுதான் அந்தச் சொந்தக் காரணம்.

நான் போடவில்லை. போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, அவர்கள் துரத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரமும் நம் தலையில் விழும். பாக்கிச் சம்பளமோ நாம் ஏற்கெனவே உழைத்த காசு, வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும், அதற்கு எந்தக் கையெழுத்தும் விலை இல்லை.

"வருஷத்துல ரெண்டு மாசம் சும்மா இருக்கிற உனக்கெல்லாம் சட்டமா" என்றும் ஒருவர் கேட்டார். சட்டம் கேட்பது 12 மாதத்தில் 240 நாள் வேலை. தடைக்காலம் 61 நாளைக் கழித்தால் 304, ஞாயிற்றுக்கிழமைகளையும் கழித்தால்கூட 260 பக்கம் வருகிறது. 240 தாண்டியவரை ஆட்குறைப்பு என்று நிறுத்த, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது இது, அதன் இடத்துக்கு வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. என் நாலு வருடத்துக்கு இரண்டு மாதம், நோட்டீஸுக்கு ஒன்று, ஆக மூன்று மாதச் சம்பளம்.

என்னிடம் வேலைக்குச் சேர்த்த ஆர்டர் எதுவும் இல்லை. வங்கி பாஸ்புக்கில் மாதா மாதம் ஏறிய சம்பளமும், "நாளைக்கு சீக்கிரம் வாம்மா, லோடு இருக்கு" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளும் இருந்தன, அதுவே போதுமாக இருந்தது. ராமநாதபுரத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீலை இலவசமாகவே கொடுத்தார்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. (இதை எங்கள் தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.) தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். முதல் இரண்டு தடவை கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை, மூன்றாவது தடவை மேனேஜரே செக்கோடு வந்தார், அன்றைக்கு "தங்கச்சி" இல்லை, "மேடம்".

இப்போது பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்த அன்றைக்கே ஆர்டர் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம கம்பெனி" என்றார்கள். வாரா வாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.