நெபுலைசர் வாங்க நினைப்பவர்களுக்கு

உறைபனிக் காலம் வந்துவிட்டால் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ஆஸ்துமாக்காரர்கள் படும் பாடு சொல்லி மாளாது. என் மாமியாருக்காக எங்கள் வீட்டிலும் ஒரு நெபுலைசர் இருக்கிறது. திரவ மருந்தைப் புகைபோல மாற்றி மூச்சோடு உள்ளிழுக்க வைக்கும் கருவி அது.

என்னைக் கேட்டால், காற்றை அழுத்தி மருந்தைப் புகையாக்கும் கம்ப்ரஸர் வகைதான் நல்லது. இரைச்சல் அதிகம், ஆனால் வழக்கமான மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். ஒலி அதிர்வால் புகையாக்கும் அல்ட்ராசோனிக் வகை வேண்டாம். புடசொனைடு (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) போன்ற கலங்கலான மருந்துக்கு அது சரிப்படாது. மழையில் மரம் சாய்ந்து மணிக்கணக்கில் மின்சாரம் போகும் ஊர்க்காரர்களுக்கு, விலை கூடினாலும் பேட்டரியில் ஓடும் மெஷ் வகை (நுண்துளை வலை வழியே புகையாக்குவது) கைகொடுக்கும்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் மருந்து காற்றோடு போய்விடும். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக வாயால் மூச்சிழுப்பார். புகை மெலிந்து, மருந்து ஊற்றும் கிண்ணம் விட்டுவிட்டுச் சீறத் தொடங்கினால் மருந்து தீர்ந்தது என்று பொருள். புடசொனைடு வைத்த பிறகு வாய் கொப்பளித்து முகம் கழுவுவது கட்டாயம். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வெள்ளையாகப் படரும்.

ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழுவி, சுத்தமான துணியில் பரப்பிவிடுகிறேன். இந்த ஈரக்குளிரில் எதுவும் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மூடிவைத்தால் கிருமி சேரும், அது நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

மருந்தும் அளவும் மருத்துவர் சொன்னபடிதான். ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்துசேர நேரமாகும்.