நெஞ்சில் குழாய், தரையில் பாட்டில்

நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சீழோ தேங்கினால், விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் விட்டு வடிப்பார்கள். வார்டில் அதை ஐசிடி (இன்டர்காஸ்டல் டிரெயின்) என்பார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். நெஞ்சுக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் 1891-இல் எழுதி வெளியிட்ட முறை இது. நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த 2 செ.மீ. தண்ணீர்தான் வால்வு.

இவ்வளவு எளிமையான சாதனத்தில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒற்றை பாட்டிலின் மூடியைப் பாருங்கள். இரண்டு துளை, இரண்டு குழாய். நீளமானது தண்ணீருக்குள் இறங்கும்; குட்டையானது காற்று வெளியேற. நோயாளியின் குழாயை நீளமானதில் மாட்ட வேண்டும். பல பாட்டில்களில் மூடிக்கு வெளியே இரண்டும் ஒரே விட்டம், ஒரே நிறம், ஒரே உயரம். மாற்றி மாட்டினால் வால்வு தலைகீழாகிவிடும். மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று நீளக்குழாய் வழியாகக் குமிழிட்டு பாட்டிலுக்குள் வந்து, அங்கிருந்து நெஞ்சுக்குள் போகும். வெளியே போக அதற்கு வழியில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் சேரும். நுரையீரல் நசுங்கி, இதயம் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்பது இதுதான். பாட்டிலில் குமிழி வருவதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். இதற்கு ‘கவனம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது தீர்வல்ல. காற்றுக் குழாயின் வாயில் நோயாளியின் ட்யூப் பொருந்தாத வடிவம் வைத்தால் போதும். மூடியை வார்க்கும் அச்சில் ஒரே ஒரு மாற்றம்தான்.

பாட்டிலின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. இளநீரில் ஸ்ட்ரா விட்டு உறிஞ்சுவதுபோல, நோயாளி மூச்சிழுக்கும்போது குழாயில் தண்ணீர் மேலேறும். சாதாரண மூச்சில் சில செ.மீ.தான். பலம்கொண்டு இழுத்தால் 80 செ.மீ. வரை ஏறலாம். குழாயின் உள்விட்டம் 1 செ.மீ. என்றால் 80 செ.மீ. ஏற 63 மி.லி. தண்ணீர் வேண்டும். பாட்டிலின் விட்டம் 10 செ.மீ. என்றால் நீர்மட்டம் 0.8 செ.மீ. இறங்கும், 2 செ.மீ. மூழ்கலில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலில் 1.6 செ.மீ. இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் குழாய் முனை வெளியே தெரியும், காற்று உள்ளே போகும். கையில் கிடைத்த பாட்டிலை வைத்து ஒப்பேற்றுவது இதனால்தான் ஆபத்து.

நீளக்குழாய் மூடியின் நடுவில் இறங்குகிறதா, ஓரத்திலா என்பதும் முக்கியம். நடுவில் இருந்தால் பாட்டில் சாய்ந்தாலும் மூழ்கல் பெரிதாக மாறாது. நடுவிலிருந்து 3 செ.மீ. தள்ளி இருந்து, பாட்டில் 30 டிகிரி எதிர்ப்பக்கம் சாய்ந்தால், அங்கே நீர்மட்டம் 1.7 செ.மீ. இறங்கும். இரண்டு துளையையும் சமதூரத்தில் போடுவது அச்சு செய்பவருக்கு வசதி, நோயாளிக்கு அல்ல.

ஒற்றை பாட்டிலின் இன்னொரு குறை, வடிவதும் அதிலேயே சேர்வது. 10 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலில் சுமார் 800 மி.லி. வடிந்தால் நீர்மட்டம் 10 செ.மீ. உயரும். 2 செ.மீ. தள்ளினால் போதும் என்றிருந்த காற்று இப்போது 12 செ.மீ. தள்ள வேண்டும். நுரையீரலில் ஓட்டை இருந்தால், வெளியேற முடியாத காற்று தோலுக்கடியில் பரவும்; தொட்டால் நறநறவென்று இருக்கும். அதற்காகத்தான் சேகரிக்க ஒரு பாட்டில், காற்றைத் தடுக்கும் தண்ணீர் சீலுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்தார்கள். காற்றை உறிஞ்சி இழுக்கும் சக்ஷனைக் கட்டுப்படுத்த மூன்றாவதும் வந்தது. அதில் காற்றுக் குழாய் 20 செ.மீ. மூழ்கியிருக்கும், சுவரிலுள்ள சக்ஷன் எவ்வளவு இழுத்தாலும் −20 செ.மீ. நீரழுத்தத்துக்கு மேல் நோயாளியிடம் போகாது. அழகான யோசனை. ஆனால் மூன்று பாட்டில் என்றால் இணைப்புகளும் பெருகும், ஒவ்வொன்றும் கழன்றுகொள்ளக்கூடியது. 1967-இல் ப்ளூர்-எவாக் என்ற சாதனம் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தது. இன்றைய பெட்டிகளின் மூதாதை அதுதான்.

சக்ஷன் இணைத்த பாட்டிலில் நடக்கும் ஒரு தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சக்ஷனை நிறுத்துகிறார்கள், ஆனால் ட்யூபைக் கழற்றுவதில்லை. காற்று வெளியேற இருந்த ஒரே வாயில் இப்போது மூடிய வால்வோடு இணைந்திருக்கிறது. நோயாளியின் காற்று பாட்டிலில் அடைபட்டு, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நல்ல பெட்டிகளில் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு தானாகத் திறக்கும். பிளாஸ்டர் ஒட்டியோ படுக்கைவிரிப்பு அழுத்தியோ அது மூடிக்கொள்ளாத இடத்தில் இருக்க வேண்டும். ஒற்றை பாட்டிலுக்கு இந்த வால்வு இல்லை. விலை கூடும் என்பார்கள். கூடட்டும்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், 100 செ.மீ. கீழே என்று புத்தகம் சொல்லும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கு அந்த உயரமே கிடைக்காது. எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகும்போது பாட்டிலை ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் கால்களுக்கு நடுவே வைப்பார்கள். கூட இருக்கும் சொந்தக்காரர் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடப்பார். பாட்டில் நீர் நெஞ்சுக்குள் திரும்பி ஓடும். இந்தப் பயத்தில் சிலர் வழியில் ட்யூபை இறுக்கி மூடும் கிளாம்ப் போட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம்: குமிழி வரும் குழாயை ஒருபோதும் கிளாம்ப் போடக் கூடாது. நீர் மேலேறினால் மிதந்து வந்து வாயை அடைக்கும் பந்து வால்வு இதற்கு ஒரு விடை. பாட்டிலின் கைப்பிடியை நீளமான வளையமாக வைத்தால் தூக்குபவர் கை இயல்பாகவே தாழ்ந்து இருக்கும் என்பது என் கட்சி. கிளாம்பை எடுத்துவிட முடியாது, பாட்டில் மாற்றும்போது வேண்டும். அது போர்வைக்கு வெளியே, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும்.

நெஞ்சுக் குழாயைப் பாட்டிலோடு இணைக்கும் ட்யூபின் நீளமும் சும்மா இல்லை. நீளம் கூடினால் கட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே தொங்கி வளையும். அந்த வளைவில் திரவம் தேங்கி, இரண்டு பக்கமும் மட்டம் 15 செ.மீ. வித்தியாசப்பட்டால், காற்று வெளியேற கூடுதலாக 15 செ.மீ. தள்ள வேண்டும். சக்ஷன் −20 வைத்திருந்தாலும் நோயாளிக்குப் போய்ச் சேர்வது −5தான். குட்டையாக்கினால் திரும்பிப் படுக்கும்போது குழாய் பிடுங்கிக்கொள்ளும். நீளத்தைக் குறைப்பதைவிட, மிச்ச ட்யூபைப் படுக்கையின் மேல் கிடையாகப் பிடித்துவைக்கும் ஒரு கிளிப்பைச் சேர்த்தே விற்பது மேல்.

குழாயும் ட்யூபும் சேரும் பிளாஸ்டிக் கனெக்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு படி தெரியும்: அகலமான வழி சட்டென்று குறுகும் இடம். ரத்தக்கட்டி முதலில் உட்காருவது அங்கேதான். அடைப்பை எடுக்க ட்யூபை விரலால் அழுத்தி வழிப்பார்கள். அப்போது உள்ளே உறிஞ்சும் அழுத்தம் −400 செ.மீ. நீரழுத்தம் வரைகூடப் போகலாம். கனெக்டரின் சுவரை முனையில் மெலிதாக்கி அந்தப் படியை எடுத்தால் வழிக்கும் தேவையே குறையும். இணைப்பைச் சுற்றிச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டும் வழக்கமும் போக வேண்டும். நீளவாக்கில் ஒட்டினால் பிடிமானமும் உண்டு, கழன்றதும் கண்ணுக்குத் தெரியும்.

முனை பன்றிவால்போல் சுருண்ட, மெல்லிய பிக்டெய்ல் குழாய்களில் சிக்கல் வேறு. பிரெஞ்ச் என்பது குழாயின் பருமனைச் சொல்லும் அளவு; 14 பிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 4.7 மி.மீ. அதன் வாலில் ஐவி லைனில் போடும் அதே த்ரீவேயை (மூன்று வழித் திருகு வால்வு) மாட்டுகிறார்கள். துளையின் விட்டம் பாதியானால் சீரான ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். வாங்கிய 14 பிரெஞ்சுக்கு அர்த்தமே இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, ஐவி மருந்து இதில் ஏறிவிடக்கூடும். ஐஎஸ்ஓ 80369 என்ற சர்வதேசத் தர வரிசை உணவுக் குழாய்க்கு ஒரு வாய், முதுகுத்தண்டு ஊசிக்கு ஒரு வாய், ரத்தக்குழாய்க்கு ஒரு வாய் என்று பிரித்தது இந்தக் குழப்பத்துக்காகத்தான். வடிகால் குழாயில் ஐவி லைனுக்குப் பொருந்தும் லூயர் வாய் வைக்காமல் இருப்பதே முறை.

உள்ளே நுழைக்கும் கருவிக்கு வருவோம். பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு முகமை 2008-இல் விடுத்த எச்சரிக்கை, 2005 ஜனவரி முதல் 2008 மார்ச் வரை நெஞ்சுக் குழாய் போட்டதில் 12 சாவுகளையும் 15 கடுமையான பாதிப்புகளையும் சொன்னது. ட்ரோகார் என்ற கூரான கம்பியை அழுத்திக் குத்துவது இன்று கண்டிக்கப்படுகிறது. கம்பி வழியே போடும் முறையிலும், துளையை அகலப்படுத்தும் டைலேட்டர் இருக்கிறது. அதை முழு நீளத்துக்கும் தள்ளினால் ஈரலோ இதயமோ கிழியும். தோலிலிருந்து, நுரையீரலைச் சுற்றிய உறையான புளூரா வரையுள்ள ஆழத்தை அல்ட்ராசவுண்டில் அளந்து, அதற்கு மேல் 1 செ.மீ. தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் கையிலிருக்கும் டைலேட்டரில் ஒரு கோடுகூட இருக்காது! செ.மீ. அளவுக் கோடும், நகர்த்திப் பூட்டும் ஒரு வளையமும் போட்டால், அளந்த ஆழத்தில் கை தானாக நிற்கும்.

புதிதாக ஒரு பாட்டில் வடிவமைப்பவர் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய சோதனைகள்: உதைத்துக் கவிழ்த்து நிமிர்த்தினால் மூழ்கல் 2 செ.மீ. திரும்பக் கிடைக்கிறதா, கட்டில் உயரத்துக்குத் தூக்கினால் எத்தனை மி.லி. திரும்பிப் போகிறது, சக்ஷனை நிறுத்திவிட்டு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்று செலுத்தினால் அழுத்தம் எங்கே நிற்கிறது, இதைப் பார்த்தே இராத ஒருவரிடம் குறிப்பில்லாமல் கொடுத்தால் எதை எதில் மாட்டுகிறார். கடைசிச் சோதனையை இரவுப் பணி முடியும் நேரத்தில், மங்கலான விளக்கில், கையுறையோடு செய்யச் சொல்லுங்கள்.