கயிறு பிடிக்கும் வேலை: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 3

விழுப்புரத்தில் முதல் பஸ் பிடித்து, ஆறரைக்கெல்லாம் புதுச்சேரியில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்த மைதானத்துக்கு வந்துவிட்டேன். எட்டு வயதிலிருந்து மல்லர் கம்பம் ஏறுகிறேன்; நட்ட மரக்கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் ஏறி ஆசனங்கள் செய்யும் விளையாட்டு அது. டிகிரி முடித்து இரண்டு வருடமாக செல்போன் கடையில் வேலை. ஏறத் தெரிந்தவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து சர்க்கஸ் ஒன்றுதான்.

மேனேஜர் என் சான்றிதழ்களை வாங்கிப் பார்க்கவில்லை. "உள்ளே மாஸ்டர் இருப்பார், அவரிடம் போ" என்றார்.

மாஸ்டர் கேரளத்துத் தலச்சேரிக்காரர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ட்ரபீஸில் கேட்சராக, அதாவது ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு பறந்து வருபவர்களைக் கையில் பிடிப்பவராக இருந்தவராம். என் உள்ளங்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். "விளக்கெண்ணெய்!" நிலைக்கம்பத்தில் எண்ணெய் தடவித்தான் ஏறுவோம், இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். கயிற்றுக்கு எண்ணெய் ஆகாது. நேற்று மாலைப் பயிற்சியின் பிசுக்கு இன்னும் போகவில்லை. "நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வா மோனே."

கழுவிவிட்டு வந்து ஏறினேன். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைக் கவ்வி, விறுவிறுவென்று மேலே போய் பத்மாசனம், பறவை, தலைகீழ் என்று எல்லாம் செய்து காட்டினேன். இறங்கியதும் ஒரே கேள்விதான் கேட்டார். "நீ யாரைப் பார்த்துச் செய்றே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாப்பாடு, படுக்க இடம், மாதம் 12,000. சரி என்றேன்.

ஜனவரி 5

மேலே ஏறும் வேலை கிடைக்கவில்லை. அசாமில் இருந்து வந்த அக்கா ஒருவர் கயிற்றில் ஏறுகிறார். கீழே நுனியைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. சுலபம் என்று நினைத்துவிட்டேன். அவர் சுழலும்போது நான் சரியான வேகத்தில் வட்டம் போட வேண்டும். எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்பதை அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, விளக்கு கண்ணைக் கூசும். கைதான் சொல்லும். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் கயிறு லேசாக விறைக்கிறது. அடுத்த நொடி தலைகீழாகச் சரிந்து வருவார். அதற்குள் நான் தயாராக இருக்க வேண்டும்.

இன்று ஒரு தடவை தாமதமாக விட்டேன். கணுக்காலில் கயிறு உரசி அக்காவுக்குத் தோல் வழண்டுவிட்டது. திட்டவே இல்லை, மஞ்சள் தடவிக்கொண்டு நாலு மணிக் காட்சிக்குப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 9

காட்சி முடிந்து ராத்திரி மாஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். 1901-இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலச்சேரி சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சி தொடங்கினார். அதற்கு முன் அவர் உடற்பயிற்சி வாத்தியார். அங்கே பழகியவர்கள்தான் பிறகு நாடெங்கும் பரவினார்கள். மாஸ்டர் அதைச் சொந்த வீட்டுக் கதை மாதிரி சொன்னார். அவரே ஏழு வயதில் வந்தவர்.

2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு சர்க்கஸில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. "அது நல்லதுதான், நான் பட்ட அடி யாருக்கும் வேண்டாம்" என்றார். ஆனால் சின்ன வயதில் பழகாத உடம்பு இருபதில் வளையாது. இனி எங்காவது ஊரில் கற்றுக்கொண்ட பிறகுதான் இங்கே வர வேண்டும். என்னைத் திருப்பி அனுப்பாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் இன்னும் எத்தனை பிள்ளைகள் கம்பம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்! ஒருவரிடமாவது இதை யாராவது சொன்னதுண்டா?

ஜனவரி 16

காணும் பொங்கல். மூன்று காட்சியும் நிரம்பி வழிந்தது. அம்மா வந்திருந்தாள். சிங்கம் புலி எங்கே என்று தேடினாள். அதெல்லாம் சர்க்கஸை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாச்சும்மா என்றேன். அப்புறம் மெதுவாக, "நீ எப்படா மேல ஏறுவ?" என்றாள். கை காய்ப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 22

அக்காவுக்குக் காய்ச்சல். ஒரு மணிக் காட்சிக்கு என்னை ஏறச் சொன்னார்கள்.

ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லோரும் வாசல் பக்கமே. போட்டியில் நடுவர்கள் ஒரு பக்கம்தான் இருப்பார்கள். பதினைந்து வருடமாக அந்தப் பக்கத்துக்கே உடம்பைக் காட்டிப் பழகியிருக்கிறேன். சர்க்கஸ் ரிங் வட்டம், சுற்றிலும் நாற்காலிகள். மாஸ்டரின் கேள்விக்கு அர்த்தம் மேலே போனதும் தெரிந்தது. அவசரப்படவில்லை. ஒவ்வொரு நிலையிலும் மூன்று மூச்சு நின்று, கயிற்றோடு மெல்லத் திரும்பினேன், காலி நாற்காலிகள் பக்கமும். கீழே நுனியைப் பிடித்திருந்தது மாஸ்டர். சரிவதற்கு முன் நான் மூச்சை இழுத்தேன். அதே நொடியில் கயிறு தளர்ந்தது.

நாலு மணிக்கு அக்கா எழுந்து வந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு கயிறு பிடிக்கப் போனேன்.