தேங்காயோடு போன காய்கறி

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா?" என்று அந்த ஆச்சி கேட்டபோது குரலில் கோபம் துளியும் இல்லை. நான் சொன்ன பதில்தான் எட்டு மாதங்களாக என்னை உறுத்துகிறது.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, இதயத்தின் பம்பிங் குறைந்திருந்த தாத்தாவை வீட்டுக்கு அனுப்பிய நாளில், உணவு ஆலோசகரான நான் அச்சிட்ட தாளை நீட்டி, தேங்காய் அறவே கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது, உப்பைக் குறையுங்கள் என்று அடுக்கினேன். "தேங்கா இல்லாம எங்க வீட்ல காய் எறங்காதும்மா. அப்பம் என்னத்தத்தான் குடுக்க?" என்றார் ஆச்சி. வெளியே கூட்டம் காத்திருந்தது. "கஞ்சி குடுங்க, இட்லி குடுங்க" என்று முடித்துக்கொண்டேன். அவர் தாளை நான்காக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார்.

மூன்று வாரத்தில் கால் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே மருத்துவர் விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. மூன்று வேளையும் கஞ்சிதான்; தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமும். இரண்டிலும் இருப்பது உடம்பில் நீரைத் தேக்கும் உப்பு. "பொரிக்கல்லம்மா, தணல்லதான் சுட்டுக் குடுத்தேன்" என்றார் ஆச்சி. என் சொல்லை அவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்திருந்தார்.

நான் சொன்னது தவறில்லை என்று இன்றும் வாதிட முடியும். தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். நீர் பிரியும் மாத்திரையையும் தாத்தா சில நாள் விட்டிருந்தார் என்பதால், வீக்கம் முழுவதையும் ஊறுகாயின் தலையில் போட முடியாது. இந்தக் காரணத்தை நான் அடிக்கடி பற்றிக்கொள்கிறேன். ஆனால் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே, குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே தாளில்தான் இருந்தது. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் கேரட்டும் பீன்ஸும் நம் வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியாகத்தான் இலைக்கு வருகின்றன; மற்ற காய்கள் தேங்காய் அரைத்த அவியலாகவும் கூட்டாகவும் வருகின்றன. தேங்காயை எடுத்ததும் அத்தனையும் சேர்ந்து போய், அந்த இடத்துக்கு உப்பு வந்துவிட்டது. மறுவீட்டுச் சொதி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இது புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயமா?

இரண்டாம் முறை நிதானமாகப் பேசினேன். பொரியலுக்கு இரண்டு ஸ்பூன் துருவல் போதும், சொதிக்கு மூன்றாம் பாலை மட்டும் ஊற்றுங்கள், ஊறுகாயும் அப்பளமும் வீட்டிலேயே வேண்டாம் என்றேன். அப்போதுதான் ஆச்சி, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா என்று கேட்டார். "தாத்தாவோட நிலைமை இப்ப மாறியிருக்கு ஆச்சி, அதான்" என்றேன்.

என்மேல் நம்பிக்கை போய்விட்டால் உப்பைப் பற்றிச் சொல்வதையும் கேட்க மாட்டார் என்று அஞ்சித்தான் அப்படிச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன். அது அவருக்காகவா எனக்காகவா என்பது எனக்கே தெளிவாகவில்லை. இப்போதெல்லாம் தாளை நீட்டுமுன், வீட்டில் காய் எப்படி வைப்பீர்கள் என்று கேட்கிறேன். கூட்டம் நெருக்கும் நாட்களில் கை தானாகத் தாளுக்குத்தான் போகிறது. ஆச்சி மாதந்தோறும் தாத்தாவை அழைத்து வருகிறார். அன்று மாறியது என் பேச்சு மட்டுமே என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.