'பாதுகாப்பானது' என்று முடிந்த வரி

நாகர்கோவிலில் எங்களுடையது சின்ன அலுவலகம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கு, புதிதாகச் சேர்பவர்களுக்கென்று ஒரு கையேடு உண்டு. அதில் ஒரு வரி: "வெறும் --ஃபோர்ஸ் வேண்டாம். --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள், பாதுகாப்பானது." சர்வரில் என்ன இருந்தாலும் அதன் மேல் நம்முடையதை ஏற்றுவது ஃபோர்ஸ். சர்வர் நமக்குத் தெரிந்தபடியே இருந்தால் மட்டும் ஏற்றுவது லீஸ். வரியை எழுதியவர் வேலை மாறிப் போய் நாளாகிவிட்டது. வரி மட்டும் அப்படியே இருந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து வந்துபோகும் தம்பி ஒருவன் அதை நம்பி, ரீபேஸ் (தன் மாற்றங்களை வேறு அடிப்படையின் மேல் மறுபடி அடுக்குவது) முடித்துப் புஷ் கொடுத்தான், அதாவது சர்வரில் ஏற்றினான். அதே கிளையில் (பிராஞ்ச்) இன்னொருவர் காலையில் ஏற்றிய கமிட், அதாவது பதிவுசெய்த மாற்றம், சர்வரில் காணாமல் போனது. அவர் மெஷினில் பிரதி இருந்ததால் திரும்ப ஏற்றிவிட்டோம். "அண்ணே, கையேட்டுல உள்ளதத்தானே போட்டேன்?" என்றான் தம்பி. கேட்டதில் நியாயம் இருந்தது.

ஒரு வெற்று ரெப்போ (கோடு களஞ்சியம்), அதன் பிரதிகளாக இரண்டு குளோன் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து கமிட் ஏற்றிவிட்டு மற்றதில் லீஸ் போட்டுத் தள்ளினால், 'ஸ்டேல் இன்ஃபோ' (பழைய தகவல்) என்று கிட் மறுத்துவிட்டது. நடுவில் ஒரு ஃபெட்ச் (சர்வரில் உள்ள புதியதை இறக்கிக்கொள்வது, நம் கிளையில் சேர்க்காது) மட்டும் செய்துவிட்டுத் தள்ளினேன். சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது, முந்தைய கமிட் போயே போச்சு. காரணம் எளிது. சர்வரில் உள்ள கிளையை, அது கடைசியாக எங்கே இருந்தது என்று நம்மிடம் உள்ள ஆரிஜின் குறிப்போடுதான் கிட் ஒப்பிடுகிறது. ஃபெட்ச் அந்தக் குறிப்பைப் புதுப்பித்துவிடுகிறது. நாம் அந்தக் கமிட்டைப் பார்த்தோமா இல்லையா என்பது கிட்டுக்குத் தெரியாது. தம்பி ஃபெட்ச் அடிக்கவே இல்லை, அவனுடைய எடிட்டரில் ஆட்டோ ஃபெட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டின் சொந்தக் கையேடே இதை எச்சரிக்கிறது. நம் ஆட்கள் சுருக்கும்போது முதலில் வெட்டுவதே எச்சரிக்கையைத்தான்!

'பாதுகாப்பானது' என்பதை அடித்துவிட்டு, எப்போது காக்கும், எப்போது காக்காது என்று எழுதினேன். கூடவே --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் போடச் சொன்னேன். சர்வரிலிருந்து வந்த கமிட்டை நம் கிளையில் சேர்த்த தடம் இருக்கிறதா என்று ரெஃப்லாகைப் (நம் கிளை எங்கெங்கே நகர்ந்தது என்று நம் மெஷினில் உள்ள பதிவு) பார்த்துச் சொல்லும் ஆப்ஷன் அது. தனியாகப் போட்டால் பயனில்லை, லீஸோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

தம்பியிடமே படிக்கக் கொடுத்தேன். "அப்போ ஆட்டோ ஃபெட்ச்சை நிறுத்திரவா?" என்றான். வேண்டாம், அது நல்லதுதான் என்று அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஆப்ஷன் தானாகவே சேர்ந்துகொள்ள, எல்லார் கான்ஃபிகிலும் (கிட் அமைப்புகள்) புஷ்.யூஸ்ஃபோர்ஸ்இஃப்இன்க்ளூட்ஸ் வைத்துவிடலாம் என்றார் மேலாளர். அந்த வசதி கிட் 2.30இல்தான் வந்தது. உபுண்டு 20.04 ஓடும் பழைய மெஷினில் இருப்பதோ 2.25. அதில் அந்த கான்ஃபிக் வரியை வைத்தால் பிழைகூடக் காட்டாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். அதனால் பக்கத்தின் தலையிலேயே, முதலில் கிட் பதிப்பைப் பாருங்கள் என்று போட்டுவிட்டேன்.