இடுப்பு வலி: குனியச் சொன்ன பிறகு பார்க்க வேண்டியவை

இடுப்பு வலியோடு பிசியோதெரபிக்கு வருபவர்கள் உட்கார்ந்ததும் ஸ்கேன் கவரைத்தான் நீட்டுவார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வியில் தொடங்குவதே எங்கள் வழக்கம். சிறுநீர் அடைக்கிறதா, தெரியாமல் போய்விடுகிறதா? மலம் அடக்க முடியாமல் போகிறதா? உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்திருக்கிறதா? இரண்டு காலும் சேர்ந்து பலமிழக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமா’ என்று பதில் வந்தாலும் அன்றைக்கு அசைவுப் பரிசோதனை கிடையாது. அன்றே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு வந்த புற்றுநோய், தென்னையிலிருந்து விழுந்தது, நெடுநாள் ஸ்டீராய்டு என்று ஏதாவது இருந்தால் டாக்டர் பார்த்த பிறகுதான் நாங்கள் கை வைப்போம்.

குமரியில் பலர் வர்ம ஆசானிடம் தடவிவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் முதுகில் தைலம் இருந்தால் அளப்பதற்குப் போடும் பென்சில் கோடு நிற்காது, அளவு டேப்பும் வழுக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காலையில் வலி ஊசி போட்டிருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். சேலைக்கு மேலே பார்த்தது பார்த்ததாகாது. திரை, பின்பக்கம் திறக்கும் கவுன், பெண் உதவியாளர் மூன்றும் வேண்டும்.

இடுப்பின் பின்னால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றை இணைத்து ஒரு கோடு, அதற்கு மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. புள்ளி. நிற்கும்போது 15 செ.மீ. இருப்பது, முழுக்கக் குனிந்தால் நல்ல முதுகில் 20 செ.மீ. அல்லது அதற்கு மேல் போகும். விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். தரையைத் தொட்டுவிடுகிற ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளியிடம் டேப் 2 செ.மீ. மட்டுமே கூடியிருக்கலாம். அவருடைய தொடை மூட்டுதான் மடங்குகிறது, கீழ் முதுகு பலகையாக நிற்கிறது.

எவ்வளவு குனிந்தார் என்பதைவிட எப்படி எழுந்தார் என்பதுதான் அதிகம் சொல்லும். எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஏறுகிறாரா, பாதி வழியில் வெட்டென்று நின்று ஒரு பக்கம் சாய்கிறாரா, முழங்காலை மடக்கி இடுப்பை முன்னே தள்ளுகிறாரா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ‘வலிக்குதா’ என்று நடுவில் கேட்டால் அவர் அசைவே மாறிவிடும். முதல் இரண்டு முறை பேசாமல் பாருங்கள்.

அடுத்தது திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தொடங்கும் முன், ‘அண்ணே, இப்போ வலி எதுவரைக்கும் போகுது? கைய வச்சுக் காட்டுங்க’ என்று கேட்டு, தாளில் உள்ள உடல் படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கையை இடுப்பில் ஊன்றி, முழங்கால் மடங்காமல், பின்னால் வளைய வேண்டும், 10 முறை. நின்று முடியாதவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொல்லலாம். கெண்டைக்காலில் இருந்த வலி பிட்டத்துக்கு ஏறி, நடு இடுப்பில் கொஞ்சம் கூடினால் அது நல்ல சேதி. ‘இடுப்பு கூடுதலா வலிக்குதே’ என்று பயப்படுவார்கள். காலை விட்டு வலி வெளியேறுவதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். மாறாக வலி பாதம் நோக்கி இறங்கினால் அந்தத் திசையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வயதானவர், நடந்தால் கால் இழுக்கும், உட்கார்ந்தால் விடும் என்றால் பின்னால் வளைவது பெரும்பாலும் ஒத்துவராது, குனிவதுதான் சுகம் தரும்.

காலுக்கு வலி போனால் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டியபடி காலை மெதுவாகத் தூக்குகிறோம். 30 முதல் 70 டிகிரிக்குள் அவருடைய அதே கால்வலி வந்தால்தான் கணக்கு. தொடைப் பின்புறம் இழுப்பது தசைப் பிடிப்பாக இருக்கலாம். சற்று இறக்கி, பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் நரம்பா தசையா என்று பிரிந்துவிடும். நல்ல காலைத் தூக்கும்போது நோவுள்ள காலில் வலித்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நரம்பை அழுத்துவதற்கு அது கனமான சாட்சி. பலம் பார்க்க, குதிகாலில் நடை, பெருவிரலை மேலே தூக்கிப் பிடித்தல். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் குதியை உயர்த்துவதை ஒருமுறை செய்யவைத்துத் திருப்திப்பட வேண்டாம். கெண்டைத் தசை பலமானது, குறை பத்தாவது தடவைக்குள்தான் தெரியவரும்.

இனி அவரவர் தொழில். ரப்பர் மரத்தில் வெட்டு, பட்டையில் கீழே இறங்க இறங்க வெட்டுபவரின் குனிவும் கூடும். முந்நூறு மரம் என்றால் வெட்டும்போது ஒரு குனிவு, பால் எடுக்கும்போது இன்னொன்று. தூணில் முழங்கால் உயரத்தில் பிளாஸ்டர் ஒட்டி, கையில் குச்சியைக் கொடுத்து வெட்டிக் காட்டச் சொல்கிறோம். மீன் விற்கும் அம்மாவானால் பாத்திரத்தைத் தலைக்கு ஏற்றுவது, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்காரருக்குத் தாழ உட்கார்ந்து எழுவது. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேளுங்கள். பிறகு ஒரு காலை முன்வைத்து, இடுப்பை மடக்காமல் தொடை மூட்டில் மடங்கச் சொல்லி மறுபடி செய்யவையுங்கள். 6 இருந்தது 3 ஆனால் சிகிச்சை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டது. 2 எண்ணாவது குறையாவிட்டால் மாற்றம் என்று எழுத மாட்டோம்.

தாளில் அளந்த நேரத்தையும் எழுத வேண்டும். இரவில் டிஸ்க் நீர் ஏறி உப்பியிருப்பதால் எழுந்த கையோடு யாருக்கும் குனிவு குறைவுதான். சாயங்காலம் அளந்தவரை அடுத்த முறை விடிந்ததும் வரவைத்து, வலி கூடிவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் அளந்த அதே வேளையில், முடிந்தால் அதே ஆள் அளக்கட்டும்.